கணினிக்குக் காது செவிடா?

சக ஆசிரியர்களும் பெற்றோர்களும் என்மீது சினங்கொண்டாலும் சரி, இதனை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் ஆறு மடிக்கணினிகளை அன்பளிப்பாகத் தந்தனர். பழையவை, ஆனால் பழுதற்றவை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிவுற்றது. விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதி அவற்றுக்கு இல்லை. ஆகவே, லினக்ஸ் மிண்ட் நிறுவிக் கொடுத்தார்கள். மாணவர்கள் தங்கள் வாசிப்பைப் பதிவு செய்து தாங்களே கேட்க வேண்டும் என்பது என் திட்டம். ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்னும் பிள்ளைக்கு நாம் பத்து முறை சொல்வதைவிட, தன் குரலை ஒருமுறை கேட்பது பயன் தரும். பயிற்சிக் கழகத்தில் எங்கள் உச்சரிப்பையும் ஒலிநாடாவில் பதிந்துதான் திருத்தினார்கள். அன்று என் குரலைக் கேட்டு நானடைந்த வெட்கம் இன்னும் மறக்கவில்லை!

முதல் நாளே நான்கு கணினிகளில் ஒலிவாங்கி இயங்கவில்லை. உடனே தீர்ப்பும் வந்துவிட்டது. “இலவசமாக வந்தது இப்படித்தான் இருக்கும்” என்றார் ஒருவர். “உலகம் பயன்படுத்தாததை என் பிள்ளை ஏன் கற்க வேண்டும்?” என்றார் ஒரு பெற்றோர். அவர் கையிலிருந்த ஆண்டிராய்டு கைப்பேசியின் கருவே லினக்ஸ்தான்! மற்றொருவர், கணினிக்கு 50 ரிங்கிட் கொடுத்தால் கடையில் திருட்டு விண்டோஸ் போட்டுத் தருவார்கள் என்றார். கூட்டம் தலையசைத்தது. நன்னெறிக் கல்வி கற்பிக்கும் நாம்தாம் தலையசைத்தோம்.

கணினியைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? ஒருவருமில்லை.

அன்று மாலை நான் உட்கார்ந்தேன். இரண்டு கணினிகளில், ஒலி அமைப்பின் உள்ளீட்டுப் பகுதியில் வெளி ஒலிவாங்கி தேர்வாகியிருந்தது. செருகப்படாத ஒன்றில் குரல் எப்படி வரும்? உள்ளமைந்த ஒலிவாங்கியைத் தேர்ந்தேன். ஒலியளவுக் கோடு துள்ளியது. மூன்றாவதில் முனையத்தைத் திறந்து ஆல்சாமிக்சரை இயக்கி, எஃப்6-ஐ அழுத்தி ஒலி அட்டையையும் எஃப்4-ஐ அழுத்திப் பதிவுப் பகுதியையும் வரவழைத்தேன். ஒலிவாங்கியின் பதிவு அணைந்திருந்தது. இடைவெளி விசையை ஒருமுறை தட்டியதும் ‘கேப்சர்’ என்ற சொல் தோன்றியது. அவ்வளவுதான்.

நான்காவதுதான் என்னைப் படாதபாடு படுத்தியது. கோடு துள்ளுகிறது, பதிவில் குரல் இல்லை! சில மடிக்கணினிகளில் ஒலிவாங்கி ஒரே குரலை இடம், வலம் என இரு தடங்களில் அனுப்பும். அவற்றுள் ஒன்று மற்றதற்கு நேர்த் தலைகீழாக இருக்கும். பதிவு செய்யும் மென்பொருள் இரண்டையும் ஒரே தடமாகக் கலக்கும்போது ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோல் என்ற செயலியில், இரு தடங்களையும் பிணைத்திருக்கும் பூட்டுக் குறியை விடுவித்து, வலத்தடத்தைச் சுழியமாக்கினேன். குரல் வந்தது. இதனை அறியாமல், சில ஆண்டுகளுக்கு முன் என் சொந்தக் கணினியில் இயங்குதளத்தையே மூன்று முறை மறுபடி நிறுவிய முட்டாள் நான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நான்கிற்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். செலவு ஒரு காசுமில்லை.

லினக்ஸ் அன்பர்களும் குற்றமற்றவர்கள் அல்லர். எளிய ஆசிரியருக்கு முனையத்தைக் காட்டி அச்சுறுத்துவதில் அவர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி. அண்மைக்கால இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் எண்மின் ஒலிவாங்கிக்கெனத் தனி நிலைபொருளே தேவைப்படுகிறது. அது இல்லையேல் ஒலிவாங்கி பட்டியலிலேயே தோன்றாது. அங்கே தடுமாறுபவரை நான் குறைகூற மாட்டேன். என் சினம் தடுமாறியவர்மீது அன்று, பாராமலே தீர்ப்பெழுதியவர்மீது. பின்வரிசையில் அமர்ந்து பதில் கூறாத மாணவனையும் இப்படித்தான் ‘மந்தம்’ என்று எழுதி வைக்கிறோமோ என்ற ஐயம் எனக்கு அன்றிரவு வந்தது.

ஆறு கணினிகளும் இப்போது வகுப்பின் பின்புற மேசையில் உள்ளன. கடைக்குக் கொடுக்க ஒதுக்கிய 200 ரிங்கிட் இன்னும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமே இருக்கிறது. அதில் ஹெட்போன்கள் வாங்கித் தருமாறு கடிதம் கொடுத்திருக்கிறேன். ஆறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் தங்கள் குரலைக் கேட்டால் வகுப்பு சந்தையாகிவிடுகிறது.