கேட்காமல் இட்ட கையெழுத்து

எமது அரசறிவியல் குறிப்புக் கொப்பியில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் மூன்று வரிகளில் முடிந்துவிடுகிறது. திகதி, கையெழுத்திட்ட இருவரின் பெயர்கள், சில எண்கள். பரீட்சைக்கு அது போதும்.

ஆனால், ஹட்டனில் கடை வைத்திருந்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட எங்கள் உம்மும்மாவுக்கு அந்த ஒப்பந்தம் வேறு விதமாக ஞாபகம் இருக்கிறது. தோட்டத்துச் சனங்கள் கடையின் கடன் கொப்பியில் தங்கள் கணக்கை அடைத்துவிட்டுப் போக வருவார்களாம். கையில் காசில்லாதவர்கள் பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்களாம். "ஊருக்குப் போறோங்கம்மா" என்று சொல்லி அழுத ஒரு பெண், அந்த ஊரைக் கண்ணால் கண்டதே இல்லை. அவள் பிறந்ததும் பிள்ளை பெற்றதும் இங்கே லயத்தில்தான். அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலை 'ஒப்பாரிக் கோச்சி' என்றே மலையகம் இன்றும் சொல்கிறது.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. இவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பதே நேருவின் நிலைப்பாடாக இருந்தது. 1964 மே மாதத்தில் அவர் மறைந்தார். அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் புதுடில்லியில் உடன்பாடு கண்டனர். 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்கும். 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்கும். மீதி 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

இதை இராஜதந்திர வெற்றி என்போர் உண்டு. ஒரு சிறிய தீவு, தன் பெரிய அயல்நாட்டோடு சண்டையின்றிப் பேசி, நீண்டகாலப் பிணக்கொன்றைத் தீர்த்துக்கொண்டது என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. பகையைவிடப் பேச்சுவார்த்தை மேலானது. ஆனால், எண்ணிக்கையை முதலில் முடிவுசெய்துவிட்டு, விண்ணப்பத்தைப் பிறகு கேட்டார்களே, அதுதான் பிழை. இன்னாருக்கு எந்த நாட்டில் வாழ விருப்பம் என்று முதலில் கேட்டிருந்தால் எண்கள் வேறாக வந்திருக்கும். பெரிய நாட்டுக்கும் சிறிய நாட்டுக்கும் உறவு நலமானது. அதற்கான விலையைக் கொடுத்தது மேசையில் இடமே இல்லாத மக்கள்.

போனவர்களில் பலர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில், மறுபடியும் தேயிலைக் கொழுந்தே பறித்தார்கள். இங்கே 'இந்தியாக்காரர்' எனப்பட்டவர்கள் அங்கே 'சிலோன்காரர்' ஆனார்கள். 1984இல் தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பற் சேவை நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் போக முடியாமல் இங்கேயே தங்கியோர் இருந்தனர். எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்க 2003ஆம் ஆண்டுவரை சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 15 ஆண்டுகளில் முடிப்பதாகச் சொன்ன காரியம் அது.

பழங்கதை நமக்கெதற்கு என்று சில பெற்றோர் நினைக்கலாம். இன்று மலைநாட்டிலிருந்து எத்தனை தாய்மார் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிறார்கள்! அவர்களின் சம்பளம், ஓய்வுநாள், கடவுச்சீட்டு யார் கையில் இருக்க வேண்டும் என்பவையெல்லாம் நாடுகளுக்கிடையே பேசப்படும் விடயங்கள். அந்த மேசையில் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்த ஒருத்தியின் குரல் ஒலிக்காவிட்டால், 1964இன் பிழையை நாம் திரும்பவும் செய்கிறோம்.

ஆகவே, சகோதரிகளே, வெளிநாட்டுச் சேவைப் பரீட்சை நமக்கு எட்டாதது என்று ஒதுங்காதீர்கள். பெற்றோரே, வைத்தியர், ஆசிரியர் என்பதோடு பிள்ளைகளின் கனவை நிறுத்திவிடாதீர்கள். அந்த மேசையில் நம் மலைநாட்டுப் பெண்ணொருத்தி அமர்ந்திருந்தால், எண்ணிக்கையைப் பேசுமுன் "அவர்களிடம் கேட்டீர்களா?" என்று அவளாவது கேட்பாள்.