தல்கத்தோரா உபதேசமும் மாணவரின் உறக்கமும்

தேர்வுக்கு அஞ்சாதீர்கள், நன்கு உறங்குங்கள் என்று பிரதமர் மோடி ஆண்டுதோறும் மாணவர்களுக்கு உபதேசிக்கிறார். ‘பரீட்சா பே சர்ச்சா’ எனும் இக்காட்சி 2018இல் தல்கத்தோரா அரங்கில் தொடங்கியது. உறக்கம் தேவைதான், மறுப்பார் யார்? ஆனால் அவ்வரங்கத்திற்கு அண்மையில், மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் பயிலும் மாணவி, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் கியூட் தேர்வுக்காக மீண்டும் கண்விழித்தாக வேண்டும். அவள் பெறும் மதிப்பெண்ணை 2022இல் தில்லிப் பல்கலைக்கழக வாசலுக்கு வெறும் தகுதிச்சீட்டாகச் சுருக்கியது யார்? இதே ஒன்றிய அரசுதானே! அவ்வாண்டில் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக அதன் குற்ற ஆவணக் காப்பகமே கணக்குக் காட்டுகிறது. நூறு மாணவர் பயிலும் நிறுவனம் ஒவ்வொன்றிலும் ஓர் ஆலோசகரேனும் இருக்க வேண்டுமென 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. அரசுப் பள்ளிகளில் அதற்கான நிரந்தரப் பணியிடங்களும் நிதியும் எங்கே, பிரதமரே?