ரீசேல் வேல்யூ என்னும் பூதம்

"விக்கும்போது என்ன கிடைக்கும்?" இந்த ஒரு கேள்விக்காக நம்ம ஆட்கள் பிடிக்காத வெள்ளைக் கலரில் கார் வாங்குகிறார்கள். சீட்டு பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமல் ரெண்டு வருஷம் ஓட்டுகிறார்கள், வேர்த்து ஒழுகிக்கொண்டே. எவனோ வாங்கப்போகிற காருக்கு நாம் இஎம்ஐ கட்டி, நாமே டிரைவராகவும் இருக்கிறோம். புனேக்கு வந்து பதினாலு வருஷமாகப் பார்க்கிறேன், இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இந்த வியாதி ரொம்ப ஜாஸ்தி.

என்னிடம் இருப்பது 2001 மாடல் ஹோண்டா சிட்டி, 1.5 விடெக். அதெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரா என்று சண்டைக்கு வராதீர்கள். மியாட்டா, எஸ்2000, பழைய ஸூப்ரா எதுவுமே இந்தியாவில் ஷோரூமுக்கு வரவில்லை. பழசாக இறக்குமதி செய்யலாம் என்றால் மூணு வயசுக்கு மேல் ஆன காருக்குக் கதவு சாத்தியிருக்கிறது. நமக்குக் கிடைத்த ஜப்பான்காரன் குறும்பு இதுதான். 106 குதிரை சக்தி. 2003இல் வந்த அடுத்த சிட்டியில் வெறும் 77! மைலேஜ் மைலேஜ் என்று உயிரை எடுத்தோம், இந்தா பிடி என்று கொடுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இதில் தாம்ஹிணி மலைப்பாதை ஏறிப் பாருங்கள். மூணாவதிலிருந்து ரெண்டாவதுக்கு இறக்கி வளைவில் திரும்பும்போது, ரோடு எப்படி இருக்கிறது என்பது ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வந்துவிடும். ஊசி மேலே போகப்போக இன்ஜின் குரலே மாறும். வேகம் அறுபதைத் தாண்டியிருக்காது, ஆனால் முகத்தில் இளிப்பு அடங்காது.

"இதைப் போட்டால் நாற்பதாயிரம்கூடத் தேறாதே" என்கிறார் மாடி வீட்டு அண்ணாச்சி. சரி, கணக்கே பார்ப்போம். இன்சூரன்ஸ்காரன் ஐடிவி போடும் பட்டியலில் புதுக் காருக்கு முதல் வருஷம் முடிவதற்குள்ளேயே 15 சதவீதம் கழிக்கிறான், அஞ்சாவது வருஷத்தில் 50. அண்ணாச்சியின் பன்னிரண்டு லட்சம் ஆறு ஆகிறது. என் வண்டியில் இறங்க இனி என்ன இருக்கிறது? மெக்கானிக், டயர் எல்லாம் சேர்த்தும் வருஷத்துக்கு முப்பதாயிரம் தாண்டுவதில்லை. அரசாங்கமும் சும்மா விடவில்லை. ஆர்சி புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்ததை 2022இல் 5,000 ஆக்கி, 20 வயசு தாண்டியதற்கு 2025இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அண்ணாச்சி நஷ்டம் பெரிசு.

அமெரிக்காவில் இதே கூத்து தலைகீழாக நடக்கிறது. 1989இல் மியாட்டா வந்தபோது விலை 13,800 டாலர், சாதாரண ஆள் வாங்கி ஓட்டட்டும் என்று செய்த கார். 2001 படத்தில் பால் வாக்கர் ஓட்டிய ஆரஞ்சு ஸூப்ரா 2021இல் 5.5 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பழைய ஜப்பான் கார் எல்லாம் பிக்சட் டெபாசிட் ஆகிவிட்டது. கிலோமீட்டர் ஏறினால் விலை இறங்கும் என்று போர்வை போர்த்தி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஓடப் பிறந்த குதிரைக்குக் கொலு! இங்கே விலை இல்லை என்று வாங்க மாட்டான், அங்கே விலை இருக்கிறது என்று ஓட்ட மாட்டான்.

ஒரு எதிர்வாதத்தை மட்டும் ஒப்புக்கொள்வேன். இதில் ஏர்பேக் இல்லை. அதனால் மகளை வைத்துக்கொண்டு ஹைவேயில் ஊருக்கு ஓட்டுவதில்லை, ரயில்தான். அதற்காக வேறு கார் வாங்கு என்றால் அது நியாயமான பேச்சு, உட்கார்ந்து பேசலாம். ரீசேலுக்காக என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன்.

"ஊருக்குத் திரும்பும்போது என்ன செய்வே? மகாராஷ்டிரா நம்பரை திருநெல்வேலியில் யாருப்பா வாங்குவா?" என்று மாமனார் போனில் கேட்டார். ஊருக்குத் திரும்பும்போது, ஊருக்குத் திரும்பும்போது... இதைச் சொல்லியே வாடகை வீட்டில் ஆணி அடிக்காமல், நல்ல கட்டில் வாங்காமல் பதினாலு வருஷம் ஓட்டியாச்சு. என்ஓசி வாங்கி, அங்கே திரும்ப வரி கட்டி, நானே ஓட்டிக்கொள்கிறேன் மாமா என்றேன். அத்தையிடம் போனைக் கொடுத்துவிட்டார்.

அடுத்த மாசம் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும். கிளட்சையும் ஒருதடவை பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.