மக்கு அல்ல நம் பிள்ளை!



மும்பையில் ரயில்வே முன்பதிவுச் சாளரத்தில் உட்கார்ந்திருக்கும் என்னிடம், "ஐயா, நீங்களே எழுதிக் கொடுங்கள்" என்று வெற்றுப் படிவத்தை நீட்டும் நம்மவரை நாள்தோறும் பார்க்கிறேன். அவர்கள் முகத்துக் கூச்சத்தை நானறிவேன். அந்தக் கூச்சம் பிள்ளைக்கும் வந்துவிடுமோ என்ற அச்சத்தில்தான், எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையை 'மக்கு' என்று ஏசுகிறோம், கையும் ஓங்குகிறோம். அடியால் எழுத்து ஏறாது. பிள்ளை பள்ளியை விட்டு ஓடத்தான் செய்யும்.

திணறலுக்குக் காரணம் பல. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, பள்ளியில் மராத்தியிலோ இந்தியிலோ முதலெழுத்தைக் காண்கிறது. சிலருக்குக் கண்ணிலோ காதிலோ குறை. சிலருக்கு அறிவு கூர்மையாக இருந்தும் எழுத்தும் ஒலியும் மனத்தில் இணைவதில்லை. அது கற்றல் குறைபாடு, சோம்பல் அன்று.

அரசு நிதி பெறும், அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் இக்குறையை விரைவில் கண்டறிந்து ஏற்ற முறையில் கற்பிக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. பள்ளியில் அடிப்பதை 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. இது சலுகையல்ல; உரிமை! தலைமை ஆசிரியரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். எழுத வராதவர்க்குச் சங்கத்தில் எழுதித் தருவோம்.

வீட்டில் மாலைதோறும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். தட்டில் மணல் பரப்பி, ஓரெழுத்தை ஒலித்தபடியே விரலால் எழுதச் சொல்லுங்கள். அது படிந்தபின் அடுத்தது. எழுத்தறியாத தாயும் கூட உட்காரட்டும், இருவரும் கற்கட்டும்.

வெற்றுப் படிவத்தை நீட்டும் கை நம் தலைமுறையோடு நிற்கட்டும்!