சமையலறையைப் பாராட்டாதீர்கள்

ஜேனட் வாகன் என்ற ஆங்கிலேய ரத்தவியல் மருத்துவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. உயிரைக் குடிக்கும் ஒருவகை ரத்தசோகைக்கு ஈரலே மருந்து என்று 1926இல் அமெரிக்காவில் ஜார்ஜ் மைனாட்டும் வில்லியம் மர்ஃபியும் அறிவித்தார்கள். லண்டனில் இளம் மருத்துவராக இருந்த வாகன், ஈரலிலிருந்து சாறு எடுக்க முனைந்தார். வேண்டியவர்களின் வீடுகளிலிருந்து வாளிகளையும் கொத்துக்கறி இயந்திரங்களையும் இரவல் வாங்கினார். ஓர் இயந்திரம் வர்ஜீனியா வுல்ஃபுடையது. சாற்றைக் குடித்த நாய் நோயுற்றது. பிறகு அவரே குடித்துப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. அதன்பின் நோயாளிக்குக் கொடுத்தார், அவர் தேறினார்.

மகளிர் தின மேடைக்கென்றே செய்தது போன்ற கதை. கைதட்டல் நிச்சயம். ஆனால் எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. கதை பொய் என்பதால் அல்ல. ஆய்வு செய்ய வந்த ஒரு மருத்துவர் ஏன் ஊரெல்லாம் வாளி இரவல் கேட்க வேண்டியிருந்தது என்று யாரும் கேட்காததால்.

வுல்ஃப் கேட்டார். 1929இல் வெளியான 'தனக்கென ஓர் அறை' நூலில் குளோயி, ஒலிவியா என்று இரண்டு பெண்கள் இதே நோய்க்காக ஈரலை அரைக்கிறார்கள். எங்கே? சமையலறையில் அல்ல, ஆய்வகத்தில். பெண்ணுக்கு வருமானமும் அறையும் வேண்டும் என்பது அந்த நூலின் வாதம். நாமோ அறை இல்லாமலே சமாளித்த கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டுகிறோம். சமாளிப்பதைப் பாராட்டினால் அறை கட்டித்தர வேண்டியதில்லை அல்லவா?

பிறகு ராக்ஃபெல்லர் உதவித்தொகையுடன் வாகன் ஹார்வர்டுக்கு, மைனாட்டிடமே போனார். பெண் என்பதால் நோயாளிகளைத் தொட அனுமதியில்லை. புறாக்களை வைத்து ஆராய்ந்தார். அந்த மருத்துவப் பள்ளி மாணவிகளைச் சேர்த்துக்கொண்டதே 1945இல்தான். ஈரல் ஆய்வுக்கான நோபல் பரிசு 1934இல் மூன்று ஆண்களுக்குப் போயிற்று. அவர்களில் ஒருவரான ஜார்ஜ் விப்பிளுடன் ஆண்டுக்கணக்கில் உழைத்து, கட்டுரைகளைச் சேர்ந்தே எழுதிய ஃபிரீடா ராப்ஷைட்-ராபின்ஸ் பட்டியலில் இல்லை. விப்பிள் தன் பரிசுப் பணத்தில் அவருக்குப் பங்கு கொடுத்தார். பணத்தைப் பங்கிட முடிந்தது. பெயரைப் பங்கிட முடியவில்லை.

போர் நெருங்கியது. அதுவரை லண்டனில் ரத்தம் தேவைப்பட்டால் கொடையாளரை மருத்துவமனைக்கு அழைப்பதுதான் வழக்கம். குண்டு விழும் நகரத்தில் அது நடக்காது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ரத்தத்தைச் சேமித்து அனுப்பிய அனுபவத்தை வாகன் கூர்ந்து கவனித்திருந்தார். 1939இல் அவருடைய வீட்டில் கூடிய மருத்துவர்கள் திட்டம் தீட்டினார்கள். லூட்டன், ஸ்லவ், மெய்ட்ஸ்டன், சட்டன் ஆகிய நான்கு ஊர்களில் ரத்தக் கிடங்குகள் எழுந்தன. ஸ்லவ் கிடங்கு வாகன் பொறுப்பில். பால் புட்டியை மாற்றி வடிவமைத்த புட்டிகளில் ரத்தம். அதைக் கொண்டுபோக ஐஸ்கிரீம் வண்டிகள்.

இதற்கும் 'சேவை', 'தொண்டு' என்று பெயர் வைத்தார்கள். ரத்தம் உறையாமல் காப்பது, கிருமி அண்டாமல் பார்ப்பது, வகை பிரிப்பது, குளிரின் அளவு தவறாமல் வைத்திருப்பது: இவை ஆய்வகக் கூடத்து அறிவியல் இல்லையென்றால் வேறு எவை? ஓர் ஆண் ஈரலை ஆராய்ந்தால் கண்டுபிடிப்பு. ஒரு பெண் நகரத்துக்கே ரத்தம் சேர்த்தால் தொண்டுள்ளம்.

ராயல் சொசைட்டி பெண்களை உறுப்பினராக்கியது 1945இல். ரத்தசோகை பற்றி 1934இலேயே நூல் எழுதிய வாகனுக்கு அந்த இடம் கிடைத்தது 1979இல், 79 வயதில்.

இத்தனைக்கும் அவர் எளிய வீட்டுப் பெண் அல்ல. தந்தை ரக்பி பள்ளியின் தலைமையாசிரியர், வுல்ஃப் உறவுக்காரர். இரவல் கேட்க அவருக்கு வாசல்கள் இருந்தன. அந்த வாசல்களும் இல்லாமல் ஆய்வை விட்டுப்போன பெண்களின் கதையை எந்த மேடையும் சொல்வதில்லை, ஏனென்றால் அதில் கைதட்ட இடமில்லை.

எனவே தோழிகளே, அடுத்தமுறை இந்தக் கதையை யாராவது உங்களுக்குச் சொன்னால் புன்னகைக்காதீர்கள். அந்த ஆண்டு ஆய்வகத்தின் சாவி யாரிடம் இருந்தது என்று கேளுங்கள். உங்கள் கல்லூரி ஆய்வகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.