குமரி மாவட்டத்துக்குத் தடுப்பூசி ஆய்வுக் களம் வேண்டும்

புதிய தடுப்பூசிகளை முறைப்படி ஆய்வு செய்யும் திறன் கன்னியாகுமரி மாவட்டத்தில் உருவாக வேண்டும். அதற்கான வேலை அடுத்த தொற்று வரும் முன்பே தொடங்க வேண்டும். மாவட்டத்தின் மருத்துவர்களும் செவிலியர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தும் இந்த அமைப்பின் நிலைப்பாடு இதுதான். இந்த ஆதரவுக்கு நிபந்தனைகள் உண்டு: பங்கேற்கும் மக்களின் உரிமையைக் காக்கும் ஏற்பாடு முதலில் வர வேண்டும், ஊசி அதற்குப் பிறகு.

2021 ஜூலையில் கேரளத்தின் முதல் ஜிகா தொற்று திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாறசாலைப் பகுதியில் உறுதியானது. பாறசாலைக்கும் குமரி மாவட்டத்தின் களியக்காவிளைக்கும் தொலைவு மிகக் குறைவு. வேலைக்கும் படிப்புக்கும் சிகிச்சைக்கும் நாள்தோறும் மக்கள் கடக்கும் எல்லை அது. நிபாவும் 2018 முதல் கேரளத்தில் பலமுறை வந்து போயிருக்கிறது. இந்த இரண்டு நோய்களுக்கும் பொதுப் பயன்பாட்டில் தடுப்பூசி இல்லை. ஜிகா தடுப்பூசிகளில் சில மனிதர்களிடம் ஆய்வு செய்யும் கட்டம்வரை வந்தன. அதற்குள் 2016-ல் அமெரிக்கக் கண்டங்களை உலுக்கிய அலை தணிந்துவிட்டது. தடுப்பூசி பலன் தருகிறதா என்று அளக்கப் போதிய நோயாளிகள் இல்லாமல் போனார்கள்.

எபோலாவில் நடந்தது இன்னும் வேதனையானது. கனடாவின் அரசு ஆய்வகத்தில் உருவான தடுப்பூசி குரங்குகளைக் காப்பாற்றியது என்ற முடிவு 2005-லேயே வெளிவந்தது. அது மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில் களம் கண்டது 2015 மார்ச்சில்தான். அப்போது மேற்கு ஆப்பிரிக்காவில் பரவிய கொள்ளைநோயில் இறந்தவர்கள் 11,000 பேருக்கும் மேல். கினி ஆய்வில், நோயாளியோடு தொடர்பிலிருந்தவர்களைச் சுற்றி வளையம்போல ஊசி போட்டார்கள். உடனடியாக ஊசி பெற்றவர்களிடையே பத்தாம் நாளுக்குப் பிறகு ஒருவருக்கும் நோய் வரவில்லை. அந்த ஆய்வில் பயிற்சி பெற்ற கினியின் பணியாளர்கள் 2018-ல் காங்கோ சென்று, அங்கே பரவிய எபோலாவுக்கு ஊசி போட்டார்கள். ஆய்வுத் திறன் மனிதர்களிடம் தங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

வெளிநாட்டில் பலன் தந்த தடுப்பூசியை இங்கே மறுபடி ஏன் ஆய்வு செய்ய வேண்டும் என்ற கேள்விக்குத் தமிழ்நாடே விடை சொல்லியிருக்கிறது. காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி பிரிட்டனின் பதின்வயதினரை நன்றாகக் காத்தது. 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். 15 ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பது முடிவு. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய்களைத் தடுப்பதால் பிசிஜி இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது. பெரியவர்களுக்கு வேறு வழி தேட வேண்டும் என்று உலகுக்குச் சொன்னது செங்கல்பட்டுக் கிராமங்கள்தான்.

வேலூரின் கதை அடுத்தது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான தடுப்பூசி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 2002-லிருந்து, கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் குழு வேலூரின் குடிசைப் பகுதிகளில் பிறந்த குழந்தைகளை வீடு வீடாகச் சென்று கண்காணித்தது. 373 குழந்தைகள் மூன்று வயதுவரை பின்தொடரப்பட்டார்கள். ஒருமுறை நோய் வந்தால் மறுமுறை கிடைக்கும் பாதுகாப்பு மெக்சிகோவில் கண்டதைவிட இங்கே குறைவு என்பது தெரியவந்தது. இப்படி நோயையும் தெருவையும் தாய்மார்களையும் அறிந்த ஊர் என்பதால், 2011-ல் டெல்லி, புனேயோடு வேலூரும் ரோட்டாவாக் தடுப்பூசி ஆய்வின் களமானது. 6,799 குழந்தைகள் பங்கேற்ற அந்த ஆய்வில், கடும் வயிற்றுப்போக்குக்கு எதிராக முதல் ஆண்டில் 56 விழுக்காடு பாதுகாப்பு கிடைத்தது. அந்த இந்தியத் தடுப்பூசி 2016-ல் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது.

ஆய்வு தவறாக நடந்த வரலாறும் உண்டு. அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 2009-ல் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் திட்டம் தொடங்கியது. ஏழு சிறுமிகள் இறந்தார்கள். அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாகத் தெரியவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் பெற்றோர் இட வேண்டிய ஒப்புதல் கையெழுத்தை விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும் போட்டிருந்தார்கள். அதை 2013-ல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது.

அந்தத் திட்டத்தின்மீது 2010 ஏப்ரலில் எழுந்த எதிர்ப்புப் புயல், திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கை உள்ளிட்ட ஒன்பது இடங்களில் நடந்துகொண்டிருந்த, கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியின் இன்னோர் ஆய்வையும் நிறுத்தியது. இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று அறியத் தொடங்கிய ஆய்வு அது. ஊசி பெற்ற 17,729 பெண்களில் 4,950 பேருக்கு ஒரே ஒரு தவணைதான் கிடைத்திருந்தது. ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடவில்லை. பத்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தார்கள். ஒரே தவணையும் ஏறக்குறைய அதே பாதுகாப்பைத் தருவது தெரிந்தது. 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இளம்பெண்களுக்கு ஒற்றைத் தவணையை ஏற்றுக்கொண்டதற்கு இந்தப் பெண்களின் பங்களிப்பு பெரியது. அமைப்பு இதிலிருந்து இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்கிறது. ஓரிடத்தில் ஒப்புதலை மீறினால் நாடெங்கும் நல்ல ஆய்வுகளும் நிற்கும். பங்கேற்றவர்களை விட்டு விலகாத குழுவுக்குத்தான் விடை கிடைக்கும்.

குமரிக்கு அடித்தளம் இருக்கிறது. திருவிதாங்கூர் அரசு 1879-ல் அரசு ஊழியர்களுக்கும் மாணவர்களுக்கும் கைதிகளுக்கும் அம்மைத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியபோது, தோவாளையும் கல்குளமும் அதன் ஆட்சியில் இருந்தன. நெய்யூர் மருத்துவமனையின் தொடக்கம் 1838. ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2001 முதல் இயங்குகிறது. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம் இந்த மாவட்டத்துக்குத்தான். கிராம சுகாதாரச் செவிலியர்கள் ஒவ்வொரு வீட்டையும் அறிந்தவர்கள்.

இந்த அடித்தளத்தின்மேல் செய்ய வேண்டியவற்றை அமைப்பு இப்படி வரிசைப்படுத்துகிறது.

முதலாவது, நோய்க் கணக்கு. கடற்கரை, வயல்புறம், ரப்பர்த் தோட்டம், பேச்சிப்பாறையின் காணி மக்கள் வாழும் மலைப்பகுதி என நான்கு வகை இடங்களில், ஆரம்ப சுகாதார நிலையங்களைத் தேர்ந்தெடுத்து, டெங்கு, எலிக்காய்ச்சல் உள்ளிட்ட காய்ச்சல்களை ஆண்டு முழுவதும் ஆய்வக உறுதியோடு பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, நெறிமுறைக் குழு. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, தனக்கென்று குழு இல்லாத ஆய்வுக் களத்தை அதே நகரத்திலோ 50 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளோ இருக்கும் குழு மேற்பார்க்கலாம். குழுவில் குறைந்தது ஏழு பேர் வேண்டும். குறைந்தது பாதிப்பேர் வெளியாட்களாக இருக்க வேண்டும். ஆசாரிபள்ளத்தை மையமாகக் கொண்டு, மீனவப் பெண்களும் காணி மக்களும் இடம்பெறும் வலுவான குழு அமைய வேண்டும்.

மூன்றாவது, ஒப்புதல். பங்குத்தந்தையோ ஊர்க் கமிட்டியோ ஜமாத்தோ சமுதாயத் தலைவரோ சொன்னார் என்பது ஒப்புதல் ஆகாது. ஊரில் கூட்டம் போட்டு விளக்க அவர்கள் உதவலாம். கையெழுத்து அவரவருடையது, குழந்தைக்குப் பெற்றோருடையது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதையும், ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்பதையும் அந்த மக்களின் பேச்சுத் தமிழில் சொல்ல வேண்டும்.

நான்காவது, ஆட்கள். ஆய்வு முடிந்ததும் கலைந்துவிடும் ஒப்பந்தப் பணியாளர்களால் திறன் நிலைக்காது. ஆய்வுச் செவிலியர், மருந்தாளுநர், தரவுப் பதிவாளர் பணியிடங்கள் நிரந்தரமாக வேண்டும். தூத்தூர்ப் பகுதி ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பவர்கள். ஜூன், ஜூலை மேற்குக் கடற்கரைத் தடைக்காலத்தை மனத்தில் வைத்து அவர்களின் பரிசோதனை நாட்களைக் குறிக்க, ஊரறிந்த பணியாளர்களால்தான் முடியும்.

மனிதர்களில் முதன்முறையாகச் சோதிக்கும் ஆய்வுகளை இப்போதைக்கு இங்கே கொண்டுவர வேண்டாம் என்றும் அமைப்பு கருதுகிறது. பாதுகாப்பு ஏற்கெனவே சோதிக்கப்பட்ட மூன்றாம் கட்ட ஆய்வுகளில் தொடங்கலாம். 2024 ஆகஸ்டில் தொடங்கிய இந்திய டெங்கு தடுப்பூசியின் மூன்றாம் கட்ட ஆய்வு 10,000-க்கும் மேற்பட்டோரை நாடெங்கும் 19 இடங்களில் சேர்க்கத் திட்டமிடப்பட்டது. அதுபோன்ற அடுத்த ஆய்வின் களப் பட்டியலுக்குக் குமரி தகுதி பெற வேண்டும். ஆய்வில் வெற்றி பெறும் தடுப்பூசி, பங்கேற்ற ஊர்களுக்கு முதலில் கிடைக்கும் என்ற எழுத்துப்பூர்வ உறுதி இல்லாத எந்த ஆய்வையும் அமைப்பு எதிர்க்கும்.

மாநிலப் பொது சுகாதாரத் துறையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஆசாரிபள்ளம் கல்லூரி நிர்வாகமும் கூடிப் பேசி, காய்ச்சல் பதிவுப் பணிக்கான நிதியை வரும் நிதியாண்டிலேயே ஒதுக்க வேண்டும் என்று அமைப்பு கேட்டுக்கொள்கிறது. மாவட்டத்தின் ஊராட்சிகளும் மீனவர் சங்கங்களும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் இந்த நிபந்தனைகளை விவாதித்து, தங்கள் கருத்துகளை எழுத்தில் தர முன்வர வேண்டும்.