சட்டம் அறிவோம்: முதல் நீதிமன்றத்திலேயே சொல்லிவிடுங்கள்



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் வெளியூர்களிலிருந்து வந்து வேலை பார்க்கும் இளைஞர்கள் ஏராளம். நம் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அப்படி ஒரு பிள்ளைமீது வழக்கு வந்துவிட்டால், "கீழ்க்கோர்ட்டில் எப்படியும் போகட்டும், மேல்கோர்ட்டில் பார்த்துக் கொள்ளலாம்" என்று தேற்றுவோர் இருக்கின்றனர். அந்தத் தேறுதல் ஆபத்தானது. அதை உணர்த்த, ஸ்ரீபெரும்புதூர் மண்ணில் நிகழ்ந்த ஒரு கொலையின் வழக்கே போதும்.

21.5.1991 இரவு முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி அங்கு குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். வழக்கை விசாரித்தது சாதாரண செஷன்ஸ் கோர்ட்டு அன்று. 'தடா' சட்டத்தின்கீழ் பூந்தமல்லியில் அமைந்த தனி நீதிமன்றம். போலீசாரிடம் தந்த குற்ற ஒப்புதல் பொதுச் சட்டப்படி சாட்சியமாகாது. தடாவிலோ, சூப்பிரண்டெண்டு பதவிக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்தால் அது சாட்சியமானது. 28.1.1998 அன்று 26 பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு நேரே உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது.

11.5.1999 அன்று உச்ச நீதிமன்றம், தடா குற்றங்கள் மெய்ப்பிக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. அவ்வாறாயின் தடா நீதிமன்றத்துக்கு மற்றக் குற்றங்களை விசாரிக்க அதிகாரம் ஏது? தடாவின்கீழ் எழுதப்பட்ட வாக்குமூலம் எப்படி நிற்கும்? தடாவின் 12ஆம் பிரிவு, உடன் சேர்ந்த பிற குற்றங்களையும் விசாரிக்க அதிகாரம் தந்தது. தடா குற்றச்சாட்டு வீழ்ந்தாலும் அவ்வதிகாரமும் வாக்குமூலமும் வீழா என்பதே நீதிமன்றத்தின் விடை. 19 பேர் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுபட்டனர். நால்வருக்கு மரண தண்டனை உறுதியாயிற்று; மூவரின் மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்தது.

அந்த நால்வரில் ஒருவர் பேரறிவாளன். பேட்டரி வாங்கித் தந்ததாக அவருடைய வாக்குமூலம் கூறியது. அது எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக, பதிவு செய்த அதிகாரியே 2013இல் வெளிப்படையாகக் கூறினார். ஆயினும், தீர்ப்பைத் திரும்பப் பெறக் கோரிய மனுவை 2018இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 18.5.2022 அன்று அவர் விடுதலை பெற்றது வேறு காரணத்தால். அமைச்சரவையின் பரிந்துரைமீது ஆளுநர் முடிவெடுக்காமல் காலம் தாழ்த்தியதைக் கருதி, அரசியல் சட்டத்தின் 142ஆவது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. கைதாகி ஏறத்தாழ 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.

எழுதப்பட்ட பதிவுக்கு ஏன் இத்தனை வலிமை? நீதிமன்ற, அரசுச் செயல்கள் முறைப்படி நடந்தன என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்றது 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவு. அந்த அனுமானம் இல்லையேல் ஒவ்வொரு மேல்முறையீட்டிலும் விசாரணையை முதலிலிருந்து நடத்த நேரிடும். அனுமானத்தை மறுக்க இயலும். ஆனால் மறுப்பவர் ஆதாரம் காட்ட வேண்டும்.

அதிகாரமே இல்லாத மாஜிஸ்திரேட்டு ஒரு வழக்கை விசாரித்தால் அவ்விசாரணை செல்லாது. அது அடிப்படைக் குறை. நடைமுறைப் பிழையோ அப்படியன்று. அதனால் நீதி பிறழ்ந்தது என்று காட்டினால்தான் தீர்ப்பு மாறும். அந்த ஆட்சேபத்தை முன்னரே எழுப்பியிருக்க முடியாதா என்பதையும் மேல்கோர்ட்டு கருத வேண்டும் என்றது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 465ஆம் பிரிவு. 1.7.2024 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டங்களிலும் இவ்விதிகள் தொடர்கின்றன.

ஆகவே, பெற்றோர்களே, இவற்றை நினைவில் வையுங்கள். கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த வேண்டும். அடித்திருந்தாலும், வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தாலும், அங்கேயே அப்போதே சொல்லச் சொல்லுங்கள்; அது பதிவாகிறதா என்று வக்கீலைக் கவனிக்கச் சொல்லுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையேல், காவலில் இருப்பவருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. சிறைத் தண்டனை விதிக்கப்பட்டால் தீர்ப்பின் நகலும் இலவசமாகக் கிடைக்கும். கேட்டுப் பெறுங்கள்.

முதல் நீதிமன்றத்தில் சொல்லாமல் விட்டதைத்தான் மேல்கோர்ட்டு முதலில் கேட்கும்: "அன்றே ஏன் கூறவில்லை?" அந்தக் கேள்விக்கு உங்கள் பிள்ளை விடையின்றி நிற்க விடாதீர்கள்.